ஒத்தை சார் காலி செய்த இடம்

ஒரே சாமான் இரண்டு இடத்தில் இருந்தால், அவசரத்துக்கு இரண்டு இடத்திலும் இருக்காது. இதுதான் ஒத்தை சாரின் வேதம். பம்பு செய்யும் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஒரு அளவு நட்டுக்கு அங்கே ஒரே ஒரு பெட்டிதான். யாராவது கைவசம் இருக்கட்டும் என்று மேஜைக்கடியில் இன்னொரு டப்பாவை ஒளித்து வைத்திருந்தால், அதைத் தூக்கி வந்து பெட்டியில் கொட்டிவிட்டு, வைத்த ஆளை அரை மணி நேரம் நிற்கவைத்துப் பேசுவார். "அவன்கிட்ட இருக்குன்னு இவன் நெனச்சுப்பான், இவன்கிட்ட இருக்குன்னு அவன் நெனச்சுப்பான். கடைசியில மெஷின் நிக்கும்" என்பார். ஒத்தை என்ற பெயரைத் தொழிற்சாலை ஆட்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். இவர் அதை விருது மாதிரி வாங்கிக்கொண்டார்.

அவர் இருந்தவரை அந்த ஸ்டோரில் ஒரு வாஷர்கூடக் காணாமல் போனதில்லை. அந்தப் பெருமையை மூட்டை கட்டிக்கொண்டு ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார். வந்த மனிதர் சும்மா இருப்பாரா? வீட்டையே ஸ்டோராக்கினார். இரண்டு குடை இருந்தது ஒன்றானது. மூன்று டார்ச் இருந்தது ஒன்றானது. மூன்று கத்தரிக்கோல் எதற்கு என்று மனைவியின் மேஜைப் பக்கம் போனபோதுதான் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"காகிதம் வெட்டறது வேற, துணி வெட்டறது வேற, நூல் வெட்டறது வேற. என் மேஜை மேல கை வச்சீங்கன்னா, உங்களுக்குன்னு நாலாவதா ஒண்ணு வாங்குவேன்" என்றாள் அவள்.

அந்தம்மாள் தையல்காரி. சாதாரணத் தையல்காரி இல்லை. கடையில் தொங்கும் உடுப்பு எதுவும் பொருந்தாதவர்களுக்குத்தான் அவள் தைப்பாள். ஒரு தோள் இறங்கியவர்கள், முதுகு வளைந்தவர்கள், ஒரு கை முழங்கையோடு நின்றவர்கள், அறுவைக்குப் பிறகு மார்பு ஒரு பக்கம் இல்லாதவர்கள். முதல் தடவை வருகிறவர்கள் கதவருகிலேயே நிற்பார்கள். டேப்பைப் பார்த்தாலே சிலருக்கு முகம் வெளிறிவிடும். அவர்களை உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்து, அன்றைக்கு அளக்காமலேயே அனுப்பி, மறுபடி வரவைத்து அளப்பாள். கணக்கு டீச்சர் ஒருத்தி மூன்று தடவை அளக்காமலே திரும்பிப் போனவள். நான்காவது தடவை கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அந்த டீச்சரின் முதல் சட்டை பொருந்திய அன்று இரண்டு பெண்களும் கண்ணாடி முன்னால் நின்று சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது.

அளவு எடுப்பதோடு அது முடிவதில்லை. அளவைக் கம்ப்யூட்டரில் வெட்டுப்படமாக வரைய வேண்டும். பெரிய பிரிண்டரில் ஆள் உயரக் காகிதமாக எடுத்து, துணியில் வைத்து வெட்டி, போட்டுப் பார்த்து, எங்கே பிடிக்கிறது எங்கே தொங்குகிறது என்று பார்த்து, படத்தைத் திருத்த வேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் ஐந்து தடவை, ஆறு தடவை திருத்தம். பதினோரு வருஷத்தில் இருநூற்றுப் பதினான்கு பேர். காகிதப் படங்களை எல்லாம் ஒத்தை சார் போன வருஷமே பழைய காகிதக்காரரிடம் போட்டுவிட்டார். அவளைக் கேட்டுத்தான் போட்டார். "அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே" என்று அவளும் தலையாட்டினாள்.

கம்ப்யூட்டர் இரண்டு. கீழே வெட்டு மேஜையும் பிரிண்டரும் இருக்கும் அறையில் பழையது. மாடியில் ஜன்னலோரம், அவள் உட்கார்ந்து வரைவதற்குப் புதியது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்திருந்தபோது, இரண்டையும் கேபிளால் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து மாடி மெஷினைத் திறந்தால் இசட் டிரைவ் என்று ஒன்று தெரியும். அதன் பெயர் 'அளவுகள்'. அதற்குள் இருநூற்றுப் பதினான்கு பேரும். கீழ் மெஷினைத் திறந்தால் அங்கேயும் 'அளவுகள்', அதே இருநூற்றுப் பதினான்கு.

"எல்லாத்தையும் இன்னொரு காப்பி எடுத்து வையிம்மா" என்று மகள் போனில் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள்.

"மேல ஒண்ணு, கீழ ஒண்ணு இருக்குதேடி" என்று அம்மா பதில் சொல்லியிருக்கிறாள். மகள் ஏதோ அவசரத்தில் இருந்தவள், அம்மாவே எடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரிய பிரிண்டர் பாதிக் காகிதத்தில் நின்றுபோனது. கீழ் மெஷின் திரையில் இடம் இல்லை, இடம் இல்லை என்று ஒரே புலம்பல். அந்தம்மாளுக்கு ஒரு வீட்டில் போட்டுப் பார்க்கும் வேலை இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, அந்த மெஷின் ரொம்பிப் போச்சாம். தேவையில்லாதது ஏதாவது கிடந்தா கொஞ்சம் ஒழிச்சு வைங்களேன். வியாழக்கிழமை டீச்சர் வராங்க, புது ஸ்கூல்ல சேரப்போறாங்களாம், அதுக்குள்ள கோட்டு வெட்டணும்."

கத்தரிக்கோல் சண்டைக்குப் பிறகு அவள் தன் வேலைக்குள் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்கிற ஆள் அவர் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எது அதிக இடத்தை அடைத்திருக்கிறது என்று பார்த்தார். 'அளவுகள்'. மாடிக்குப் போனார். அங்கேயும் 'அளவுகள்'. ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொண்டு, படி இறங்கி ஏறி, ஏறி இறங்கி, ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்தார். அதே பெயர், அதே தேதி, அதே எண்ணிக்கை. பத்துப் படங்களைத் திறந்தும் பார்த்தார். மயிரிழை வித்தியாசம் இல்லை. அவள் உட்கார்ந்து வேலை செய்வது மாடியில். ஆக, கீழே இருப்பதுதான் உபரி. மாடி மெஷினை அணைத்துவிட்டு வந்து, கீழே இருந்ததை அழித்தார். வேறு யாராவது இதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம், பரவாயில்லையா என்கிற தினுசில் மெஷின் ஏதோ கேட்டது. பரவாயில்லை என்றார். அழித்தது மெஷினின் குப்பைத் தொட்டியில் கிடந்தால் மட்டும் இடம் வந்துவிடுமா என்று அதையும் காலி செய்தார். திரையில் இடத்தைக் காட்டும் சிவப்புப் பட்டை நீலமாகிப் பாதிக்கு மேல் வெறுமையானது. முப்பத்து நான்கு வருஷத்தில் எத்தனையோ அலமாரியை ஒழித்திருக்கிறார், இவ்வளவு திருப்தி எதிலும் வந்ததில்லை.

சாயங்காலம் வந்த மனைவியிடம், "பாதி இடம் காலி பண்ணிட்டேன்" என்றார். "பரவாயில்லையே!" என்றாள் அவள். அந்த ஒரு வார்த்தையை இரண்டு மூன்று தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு மாடியிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, இசட் மேல சிவப்பா பெருக்கல் குறி போட்டிருக்கு. தொறக்க மாட்டேங்குது."

வயர் லூசாக இருக்கும் என்றார். அவர் அப்படித்தான் நம்பினார். மகளுக்குப் போன் போட்டார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள் அம்மா.

"கீழ மெஷின் ஆன்ல இருக்கா?" என்றாள் மகள்.

"இருக்கு."

"ரவுட்டர அணைச்சுட்டு ஒரு நிமிஷம் விட்டுப் போடுங்க."

போட்டார்கள். பெருக்கல் குறி போகவில்லை.

"கீழ மெஷினோட பாஸ்வேர்டு யாராவது மாத்தினீங்களா?"

"நாங்க எதுக்குடி மாத்தறோம்? சரி, கீழ மெஷின் எக்கேடு கெட்டுப் போகட்டும். எனக்கு மாடியில இருக்கற இசட்டத் தொறந்து குடு, போதும். அது இந்த மெஷின்லதானே இருக்கு?"

"ஐயோ அம்மா, மாடி மெஷின்ல ஒண்ணுமே கிடையாது. எல்லாம் கீழதான் இருக்கு. இசட்டுங்கறது ஒரு ஜன்னல் மாதிரி. அது வழியா நீ கீழ இருக்கறதத்தான் பாக்கற."

ஒத்தை சாருக்கு அப்போதுதான் விளங்கியது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். இரண்டு இடத்தில் இருந்ததாக எண்ணி எண்ணிச் சரிபார்த்தது ஒன்றையேதான். அந்த ஒன்றைத்தான் தன் கையால் துடைத்து, தொட்டியையும் கவிழ்த்திருக்கிறார்.

அந்த நிமிஷமே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கத்தான் பார்த்தார். "இந்தா..." என்று ஆரம்பித்தார். "இருங்க, அவ சொல்றது காதுல விழல" என்று கையைக் காட்டினாள் மனைவி. அவ்வளவுதான், வந்த வார்த்தை உள்ளே போய்விட்டது.  முதலில் கீழே போய் நாமே தேடிப் பார்ப்போம், கிடைத்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லையே என்று மனசு கணக்குப் போட்டது. தப்புச் செய்தவன் மனசு எல்லாம் இப்படித்தான் கணக்குப் போடும். கவுன்ட்டரில் நின்று எத்தனை பேர் முகத்தில் இதைப் பார்த்திருக்கிறார் அவர்!

கீழே போய்த் தேடினார். தொட்டி சுத்தமாக இருந்தது. அவர் காலி செய்தால் சுத்தமாகத்தானே இருக்கும்.

மேலே வந்தபோது மனைவி மேஜையை நகர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேபிள் சுவரில் நுழைகிற இடம் மேஜைக்குப் பின்னால். அந்தம்மாளுக்கு முட்டி வலி, மாடி ஏறுவதே ஒரு பாடு. ஆனாலும் தரையில் கையை ஊன்றி, ஒரு முனகலோடு மண்டியிட்டு, மேஜைக்கடியில் தவழ்ந்து போனாள்.

"நான் பாக்கறேன், நீ வா" என்றார்.

"உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. டார்ச்ச எடுத்துட்டு வந்து நல்லாப் புடிங்க."

எடுத்துவந்து பிடித்தார். அவள் கேபிளைச் சுவரில் அடித்திருந்த ஒவ்வொரு ஆணியாகத் தடவிக்கொண்டு போனாள். தும்மினாள். கேபிளைப் பிடுங்கி, வாயால் ஊதி, மறுபடி செருகினாள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. தும்பை விட்ட ஆளே பக்கத்தில் நின்று வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தார். மாடிப்படி ஓரமாகக் கேபிள் இறங்கும் வழியெல்லாம் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்க, அவரும் படிப்படியாக டார்ச்சோடு இறங்கினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கலாம், பக்கத்தில் இருப்பவர் நம்மை நம்புகிறவராக இருந்தால் ஒரு பகல் முழுக்க மறைக்கலாம்.

பதினோரு மணிக்கு மகள் மறுபடி கூப்பிட்டாள். "கீழ மெஷின்ல அப்டேட் ஏதாவது நிக்குதா? அது போடாமக் கிடந்தாலும் நெட்வொர்க் இந்த மாதிரி படுத்தும்."

நின்றுகொண்டுதான் இருந்தது. இடம் இல்லாததால் ஆறேழு மாதமாக உள்ளே வர முடியாமல் வாசலில் நின்ற அப்டேட். இப்போதுதான் தாராளமாக இடம் இருக்கிறதே.

"போட்டுடட்டுமா?" என்று கேட்டார். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை.

"போடுங்கப்பா."

அவர்தான் அழுத்தினார். நான்கு மணி நேரம் ஓடியது. மெஷின் தானே அணைந்தது, தானே எழுந்தது, மறுபடி அணைந்தது. அந்தம்மாள் சாப்பிடாமல் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தாள். டீச்சருக்குப் போன் செய்து, "வியாழக்கிழமைக்கு ஆயிடும், கவலப்படாதீங்க" என்று தைரியம் சொன்னாள். அவர் இரண்டு தடவை தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இரண்டு தடவையும் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தார்.

மூன்று மணிக்கு மேல் அப்டேட் முடிந்தது. மாடியில் சிவப்புக் குறி அப்படியே இருந்தது.

"இதெல்லாம் விடுங்க. கீழ மெஷின்ல அளவுகள் ஃபோல்டர் இருக்கா பாருங்க. இருந்தா திரும்பவும் நான் இங்கேருந்தே இணைச்சுக் குடுத்துடறேன்" என்றாள் மகள்.

மனைவி மாடியில் போனோடு இருந்தாள். அவர் கீழே.

"இருக்குதாங்க?" என்று படிக்கட்டு வழியாகக் கேட்டாள்.

அவர் மெஷினை விட்டு எழுந்தார்.

"என்னங்க, இருக்கா?"

அவர் ஒவ்வொரு படியாக ஏறி மேலே வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் இருந்த போனைப் பார்த்துச் சொன்னார்.

"இல்ல. நான்தான் அழிச்சேன். ஞாயித்துக்கிழம. ரெண்டு இருக்குன்னு நெனச்சு ஒண்ண அழிச்சேன்."

 அந்தம்மாள் கத்தவில்லை. "எல்லாமா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினார். அவள் திரையில் இருந்த பெருக்கல் குறியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, ரெண்டு மெஷினையும் இப்பவே அணைங்க. தொடாதீங்க" என்றாள் மகள். அவள் குரல் அழுகிற மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நடத்தும் பெண்மணி வந்தாள். நாற்பது வயசு இருக்கும், வெடுக்கென்று பேசுகிறவள். கீழ் மெஷினைத் திறந்து டிஸ்க்கை வெளியே எடுத்து, தன் மெஷினில் மாட்டி மூன்று மணி நேரம் தேடவிட்டாள்.

"அழிச்சா உடனே போயிடாது சார். பெட்டி மேல இருக்கற லேபிளத்தான் கிழிக்கும். சாமான் உள்ளயேதான் இருக்கும், வேற ஏதாவது வந்து அந்த எடத்துல உக்கார்ற வரைக்கும்" என்றாள்.

லேபிள் இல்லாத பெட்டி. ஒத்தை சாருக்கு இதை யாரும் இரண்டாம் தடவை விளக்க வேண்டியதில்லை.

"அழிச்சதுக்கு அப்புறம் இந்த மெஷின்ல என்ன செஞ்சீங்க?"

"அப்டேட் போட்டோம்" என்றார்.

"எப்ப?"

"நேத்து. பதினோரு மணிக்கு."

அந்தப் பெண்மணி உச்சுக்கொட்டினாள். "அதுதான் வந்து உக்காந்திருக்கு. நேத்து காலையில பெருக்கல் குறி வந்த ஒடனே மெஷின அணைச்சிருந்தீங்கன்னா, முக்கால்வாசிக்கு மேல எடுத்துக் குடுத்திருப்பேன். இப்ப முப்பத்தொண்ணு வந்திருக்கு."

அந்த முப்பத்தொன்றில் டீச்சர் இல்லை.

ரிப்பேர்க்காரம்மா போன பிறகு வெட்டு மேஜையின் இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் அவளும் நின்றார்கள். திட்டட்டும் என்று அவர் காத்திருந்தார். திட்டினால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் போலிருந்தது.

"அழிச்சதுக்கு உங்கள ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்" என்றாள். "ரெண்டு எடத்துல இருக்குன்னு நானும்தான் நெனச்சேன். ஒழிச்சு வைங்கன்னு சொன்னதும் நான்தான். அது என் தலையெழுத்துன்னு போயிடுவேன்."

கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"ஆனா நேத்து மேஜைக்கடியில தவழ்ந்தேனே. அப்ப உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"டார்ச்ச நல்லாப் புடிங்கன்னு சொன்னேன். நல்லாத்தான் புடிச்சீங்க."

 முப்பத்து நான்கு வருஷம் ஒரு வாஷர்கூடத் தொலையாத ஸ்டோரை அவர் கட்டிக் காத்தது உண்மை. ஆனால் மனைவியின் கண்ணில் நேற்று வரை இருந்த ஏதோ ஒன்று இன்றைக்கு இல்லை. அது எந்த அலமாரியில் இருந்தது என்று அவருக்கு இதுவரை தெரியாது. தெரிந்தபோது காலியாக இருந்தது. அவருக்கு அழுகை வந்தது. அழுதால் அவள்தான் தேற்ற வேண்டிவரும் என்று அடக்கிக்கொண்டார்.

அவள் தன் போனை எடுத்தாள். எல்லோருடைய நம்பரும் அதில் இருந்தது. டீச்சரின் பெயர் வரை தள்ளிக்கொண்டு போனவள், அங்கே நிறுத்தி வெகுநேரம் பார்த்தாள். கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லலாம். யாரும் நம்பாமல் இருக்க மாட்டார்கள்.

"குடு, நான் பேசறேன்" என்றார்.

"என்னன்னு பேசுவீங்க?"

"என்ன நடந்துச்சோ அதச் சொல்றேன்."

அவள் அவரை நேராகப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை முழுவதும் அவள் அவரைப் பார்த்தது அப்போதுதான். போனை மேஜை மேல் வைத்து அவர் பக்கம் தள்ளினாள். கையில் கொடுக்கவில்லை.

அந்தப் பக்கம் மணி நான்கு தடவை அடித்தது. "சொல்லுங்க அக்கா, கோட்டு ரெடியா?" என்று டீச்சரின் குரல் உற்சாகமாக வந்தது.

"அக்கா இல்லம்மா. அவங்க வீட்டுக்காரர் பேசறேன். உங்க அளவ எல்லாம் நான் அழிச்சுட்டேன். மெஷின் கெடல, யாரும் எடுக்கல, நான்தான். நேத்தே சொல்லியிருந்தா திரும்பக் கிடைச்சிருக்கும். பயந்துகிட்டு சொல்லாம இருந்துட்டேன்."

 எதிர்முனையில் பள்ளிக்கூட மணியும் பிள்ளைகள் ஓடும் சத்தமும் கேட்டு ஓய்ந்தன. லைன் துண்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். துண்டாகவில்லை.

"அப்ப மறுபடியும் அளக்கணுமா?" என்றாள் டீச்சர், சின்னப் பெண் கேட்கிற மாதிரி.

"ஆமாம்மா" என்றார். "மறுபடியும் அளக்கணும்."